ஓபன்எஸ்எஸ்எல் முடிவிலாச் சுழற்சிக் குறை (சிவிஇ-2022-0778): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுருக்கமாகச் சொன்னால், இது என்ன குறை?

ஓபன்எஸ்எஸ்எல் என்பது இணைய இணைப்புகளை மறையாக்கம் செய்யப் பல சர்வர்களும் செயலிகளும் பயன்படுத்தும் லைப்ரரி; சிவிஇ என்பது பாதுகாப்புக் குறைகளுக்குத் தரப்படும் அடையாள எண். அந்த லைப்ரரி ஒரு விதமாகத் திரித்து எழுதப்பட்ட சான்றிதழை (எதிர்முனை யார் என்று காட்டும் கோப்பை) படிக்கத் தொடங்கினால், உள்ளே நடக்கும் ஒரு கணக்கு முடிவதே இல்லை. படித்துக்கொண்டிருந்த திரெட் ஒரு சிபியு கோரை முழுதாகப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். தாக்குபவருக்குக் கடவுச்சொல்லோ நம்பகமான சான்றிதழோ வேண்டாம், பெரிய நெட்வொர்க்கும் வேண்டாம். ஒரு சிறிய கோப்பு போதும். அதனால்தான் இது சேவை மறுப்புத் தாக்குதல் என்ற வகையில் வருகிறது.

கண்டுபிடித்தவர் கூகுளின் பாதுகாப்பு ஆய்வுக் குழுவான புராஜெக்ட் ஜீரோவின் டேவிஸ் ஓர்மண்டி. 2022 பிப்ரவரி 24 அன்று ஓபன்எஸ்எஸ்எல் குழுவிடம் தெரிவிக்கப்பட்டது. கூகுளின் டேவிட் பெஞ்சமினும் ஓபன்எஸ்எஸ்எல்லின் டோமாஷ் மிராஸும் திருத்தத்தை எழுதினார்கள். அறிவிப்பு மார்ச் 15 அன்று வெளியானது. கடுமை ‘உயர்வு’, குறையின் கடுமையை 10-க்கு அளக்கும் சிவிஎஸ்எஸ் மதிப்பெண் 7.5.

எந்தப் பதிப்புகளில் இருக்கிறது?

1.0.2, 1.1.1, 3.0 ஆகிய மூன்று வரிசைகளிலும். திருத்தம் வந்தவை 1.1.1என், 3.0.2, கட்டண ஆதரவு வாங்கியவர்களுக்கு மட்டும் 1.0.2இசட்டி. 1.1.0 வரிசையிலும் குறை உண்டு. அதன் ஆதரவு 2019-லேயே முடிந்துவிட்டதால் திருத்தம் வெளிவரவில்லை. 2014-ல் ஓபன்எஸ்எஸ்எல்லிலிருந்து பிரிந்துபோன லிப்ரெஎஸ்எஸ்எல்லிலும் இதே பிழை இருந்தது. அதை வைத்துப் பார்த்தால், பிரிவதற்கு முன்பிருந்தே இந்த வரிகள் பலர் கண்ணில் படாமல் அங்கே கிடந்திருக்கின்றன.

சான்றிதழைப் படிக்க வர்க்கமூலக் கணக்கு எதற்கு?

சான்றிதழுக்குள் ஒரு பொதுச்சாவி இருக்கும். அதில் ஒரு வகையான எலிப்டிக் கர்வ் சாவி என்பது ஒரு வளைகோட்டின் மேலுள்ள புள்ளி. கிடை, செங்குத்து என அதற்கு இரண்டு எண்கள். பி-256 வளைகோட்டில் இரண்டையும் முழுதாக எழுதினால் 65 பைட். இடம் மிச்சப்படுத்த கிடை எண்ணை மட்டும் எழுதி, முன்னால் 02 அல்லது 03 என்று ஒரு பைட் வைத்தால் 33 பைட்டில் முடிந்துவிடும். இதற்குச் சுருக்கப்பட்ட வடிவம் என்று பெயர். படிப்பவர் செங்குத்து எண்ணைத் தாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்: வளைகோட்டின் சமன்பாட்டில் கிடை எண்ணைப் போட்டு, கிடைத்ததற்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அந்த வர்க்கமூலம் சாதாரணக் கணக்கு அல்ல, ஒரு பெரிய பகா எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளும் மாடுலோ கணக்கு.

சின்ன எண்ணில் பார்க்கலாம். 13-ஐ மாடுலஸாக (வகுக்கும் எண்ணாக) வைத்தால் 10-க்கு வர்க்கமூலம் 6. ஏனென்றால் 36-ல் 26 போக மீதி 10. இன்னொரு விடை 7. இரண்டில் எது என்பதைத்தான் முன்னால் வரும் 02, 03 சொல்கிறது.

ஓபன்எஸ்எஸ்எல்லில் இந்த வேலையைச் செய்யும் ஃபங்ஷனின் பெயர் பிஎன்_மாட்_எஸ்கியூஆர்டி. குறை அதற்குள்தான் இருக்கிறது.

சரி, அந்தச் சுழற்சி ஏன் முடிவதில்லை?

இதைப் பொறுமையாகப் பார்ப்பது நல்லது. பிழை ஒரே ஒரு ஒப்பீட்டில் இருக்கிறது. ஆனால் அங்கே போய்ச் சேரும் வழி நீளமானது.

அந்த ஃபங்ஷன் டொனெல்லி–ஷாங்க்ஸ் என்ற வர்க்கமூல முறையைப் பின்பற்றுகிறது. மாடுலஸிலிருந்து 1-ஐக் கழித்து, அதை எத்தனை முறை இரண்டால் வகுக்கலாம் என்று எண்ணிக்கொள்வது முதல் படி. அந்த எண்ணிக்கையை ‘வரம்பு’ என்போம். பிறகு ஒரு வெளிச் சுழற்சி. ஒவ்வொரு சுற்றிலும் வரம்பு குறைந்துகொண்டே வர வேண்டும். அதற்குள் ஓர் உட்சுழற்சி: கையிலிருக்கும் எண்ணைத் திரும்பத் திரும்ப வர்க்கப்படுத்தி, எத்தனையாவது முறையில் 1 வருகிறது என்று எண்ணுகிறது. இந்த எண்ணிக்கையை வைத்திருக்கும் மாறியை ‘எண்ணி’ என்போம். எண்ணி வரம்பைத் தொட்டுவிட்டால், ‘இந்த எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை’ என்று பிழை சொல்லி வெளியேற வேண்டும்.

பழைய குறிமுறையில் எண்ணி 1-ல் தொடங்கும். ஒருமுறை வர்க்கம் எடுத்துப் பார்க்கும். 1 வரவில்லையென்றால் எண்ணியை 2 ஆக்கும். அதற்குப் பிறகுதான் ‘எண்ணியும் வரம்பும் சமமா?’ என்று கேட்கும். முந்தைய சுற்றில் வரம்பு 1 ஆகக் குறைந்திருந்தால் என்ன ஆகும்? 2-ம் 1-ம் சமம் இல்லை. அடுத்து 3, அதற்கடுத்து 4. எண்ணி வரம்பை ஏற்கெனவே தாண்டிவிட்டது. சமமாகும் வாய்ப்பு இனி வராது. 1-ம் கிடைப்பதில்லை. சுழற்சி ஓடிக்கொண்டே இருக்கும்.

மாடுலஸ் உண்மையிலேயே பகா எண்ணாக இருந்தால் இந்த நிலை வராது. வரம்பு 1 ஆகும்போது கையிலிருக்கும் எண்ணும் 1 ஆகியிருக்கும் என்று கணிதமே உறுதி தருகிறது. பகு எண்ணைக் கொடுத்தால் அந்த உறுதி போய்விடுகிறது. உதாரணமாக, மாடுலஸ் 15 என்றால் 1-க்கு 1, 4, 11, 14 என நான்கு வர்க்கமூலங்கள். பகா எண்ணில் இரண்டுக்கு மேல் இருக்காது. இரண்டுதான் என்று நம்பி எழுதிய முறைக்கு நான்கைக் கொடுத்தால் கணக்கு தடம் புரள்கிறது.

திருத்தம் மிகச் சிறியது. உட்சுழற்சி ‘எண்ணி வரம்பைவிடக் குறைவாக இருக்கும்வரை’ என்று மாற்றப்பட்டது. வெளியே வந்ததும் எண்ணி வரம்புக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் பிழை. ‘சமமா’ என்பதற்குப் பதில் ‘சமமா, பெரிதா’ என்று கேட்டிருந்தால் இந்தக் குறையே வந்திருக்காது. சுழற்சியின் முடிவை எழுதும் ஒவ்வொரு முறையும் இது நினைவில் இருக்கட்டும்.

பகா எண் அல்லாத எண் சான்றிதழுக்குள் எப்படி நுழைகிறது?

வழக்கமான சான்றிதழில் வளைகோட்டின் பெயர் மட்டும்தான் இருக்கும்: பி-256, பி-384 என்று. அவற்றின் எண்கள் லைப்ரரிக்கே தெரியும், எல்லாம் சோதிக்கப்பட்ட பகா எண்கள். ஆனால் பெயருக்குப் பதில் மாடுலஸ், குணகங்கள், அடிப்புள்ளி என எல்லா அளவுருக்களையும் வெளிப்படையாக எழுதும் வடிவமும் சான்றிதழின் அமைப்பை விவரிக்கும் ஏஎஸ்என்.1 வரையறையில் உண்டு. தாக்குபவர் அங்கே பகு எண்ணை வைத்து, அடிப்புள்ளியைச் சுருக்கப்பட்ட வடிவில் எழுதிவிடுகிறார். மாடுலஸ் பகா எண்தானா என்று லைப்ரரி அந்த இடத்தில் சோதிப்பதில்லை.

இணையச் சான்றிதழ்களில் இந்த வெளிப்படை வடிவம் கூடவே கூடாது என்று 2009-ல் வந்த இணையத் தர ஆவணம் ஆர்எஃப்சி 5480 சொல்லிவிட்டது. இணையத்தில் கூடாது என்று சொல்லப்பட்ட வடிவத்தை லைப்ரரிகள் ஏற்றுக்கொண்டே இருந்ததன் விலை இது. 2020 ஜனவரியில் விண்டோஸில் வெளிப்பட்ட சிவிஇ-2020-0601 குறையும் இதே வெளிப்படை அளவுருக்களின் வழியாகத்தான் வந்தது.

போலிச் சான்றிதழ் கையொப்பச் சரிபார்ப்பில் விழுந்துவிடாதா?

விழும், ஆனால் அந்தக் கட்டம் வரவே வராது. கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டுமென்றால் முதலில் சான்றிதழைப் பிரித்துப் படிக்க வேண்டும். 1.1.1-லும் 3.0-லும் படிக்கும்போதே சாவியும் விரிக்கப்படுகிறது, சுழற்சி அங்கேயே தொடங்கிவிடுகிறது. யார் கையொப்பமிட்டது என்ற கேள்விக்கு இடமே இல்லை.

1.0.2-ல் சாவி உடனே விரிக்கப்படுவதில்லை, தேவைப்படும்போதுதான். அதனால் கொஞ்சம் கடினம், அவ்வளவே. தனக்குத் தானே கையொப்பமிட்ட சான்றிதழை அனுப்பினால், அந்தக் கையொப்பத்தைச் சோதிக்க அதே சாவி வேண்டும், அப்போது சிக்கிக்கொள்ளும்.

இதே காரணத்தால், 1.1.1எச்-ல் சேர்க்கப்பட்ட கண்டிப்பான சோதனையும் உதவாது. வெளிப்படை அளவுருக்கள் உள்ள சான்றிதழ்களை மறுப்பதுதான் அதன் வேலை. ஆனால் அது சரிபார்ப்புக் கட்டத்தில் வருகிறது.

எங்கள் வெப் சர்வர் கிளையன்ட் சான்றிதழ் கேட்பதில்லை. கவலை இல்லைதானே?

உள்ளே வரும் இணைப்புகளைப் பொறுத்தவரை சரி. சர்வர் கேட்காமல் கிளையன்ட் சான்றிதழ் அனுப்ப முடியாது. ஆனால் உங்கள் சர்வர் எங்கெல்லாம் தானே கிளையன்டாக மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். பயனர் கொடுத்த முகவரிக்கு வெப்ஹுக் அனுப்புவது, இணைப்பின் முன்னோட்டம் காட்ட அந்தப் பக்கத்தைத் திறப்பது, ஆர்எஸ்எஸ் ஓடையை இழுப்பது, படத்தை வேறு தளத்திலிருந்து எடுப்பது. இவை எல்லாவற்றிலும் எதிர்முனையின் சான்றிதழை உங்கள் சர்வர் படிக்கிறது. எதிர்முனை தாக்குபவருடையதாக இருக்கலாம்.

மின்னஞ்சல் சர்வர்களை மறந்துவிடுவார்கள். தாக்குபவர் தம் டொமைனின் முகவரியிலிருந்து, ஏற்றுக்கொண்ட பிறகு திரும்பிப்போகும்படியான ஒரு மடலை அனுப்பினால் போதும். திரும்பும் மடலைக் கொண்டுபோக உங்கள் சர்வரே அவர் சர்வரோடு டிஎல்எஸ் (மறையாக்க இணைப்பு நெறிமுறை) பேசும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மின்னஞ்சல் சர்வரில் வெளிச்செல்லும் ஒவ்வொரு இணைப்பும் தனிப் பிராசஸ் என்பதால் ஒன்று சிக்கினால் மற்றவை ஓடும். ஆனால் பிராசஸ்களின் இயல்பு வரம்பு 100; ஒவ்வொன்றாகச் சிக்கினால் வரிசை நின்றுவிடும்.

இவை தவிர, வாடிக்கையாளரிடமிருந்து சான்றிதழோ தனிச்சாவியோ வாங்கிப் பதிவேற்றும் ஹோஸ்டிங் பேனல்கள், சான்றிதழ் கோரிக்கைகளைப் படிக்கும் சான்றளிப்பு நிறுவனங்கள் ஆகியோருக்கும் இதே ஆபத்து. தனிச்சாவிக் கோப்பிலும் வெளிப்படை அளவுருக்களை எழுத முடியும். கிளையன்ட் சான்றிதழ் கேட்கும் விபிஎன், ஏபிஐ நுழைவாயில்கள் நேரடி இலக்கு.

சான்றிதழ் சரிபார்ப்பை அணைத்துவிட்டால்?

பயன் இல்லை. கர்ல் கட்டளையில் ‘கே’ விருப்பம் கொடுத்தாலும் சான்றிதழ் படிக்கப்படுகிறது, விளைவு மட்டுமே புறக்கணிக்கப்படுகிறது. என்ஜின்எக்ஸ் வெப் சர்வரில் சான்றளிப்பு நிறுவனத்தைச் சோதிக்காமல் கிளையன்ட் சான்றிதழை ஏற்கும் அமைப்பும் அப்படியே. இதற்காகச் சரிபார்ப்பை அணைப்பவர் இன்னொரு பெரிய கதவைத் திறந்துவிடுகிறார்.

எலிப்டிக் கர்வ் சைஃபர்களை (மறையாக்க முறைகளை) நீக்கி, ஆர்எஸ்ஏ என்ற வேறு சாவி வகையை மட்டும் வைத்தாலும் அதே கதை. எதிர்முனை விரும்பிய சான்றிதழை அனுப்பலாம். என்ன வகைச் சாவி என்று தெரிவதற்கே அதைப் படித்தாக வேண்டும்.

30 நொடி டைம்அவுட் வைத்திருக்கிறோம். அது காப்பாற்றாதா?

பெரும்பாலும் இல்லை. என்ஜின்எக்ஸ், நோட்.ஜேஎஸ் (சுருக்கமாக நோட்) போன்றவற்றில் டைம்அவுட்டைக் கவனிப்பதும் சான்றிதழைப் படிப்பதும் ஒரே திரெட்தான். அது கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கும்போது கடிகாரத்தைப் பார்க்க ஆள் இல்லை. அந்த வொர்க்கர் (இணைப்புகளைக் கவனிக்கும் பிராசஸ்) பிடித்திருக்கும் மற்ற எல்லா இணைப்புகளும் அதோடு சேர்ந்து உறைந்துவிடும். நான்கு வொர்க்கர் இருந்தால் நான்கு இணைப்புகளில் தளம் படுத்துவிடும்.

டைம்அவுட் வேலை செய்ய வேண்டுமானால் அது பிராசஸுக்கு வெளியே இருக்க வேண்டும். சிஸ்டம்டி வாட்ச்டாக், குபர்நெட்டிஸ் லைவ்னஸ் புரோப், சிபியு நேர வரம்பு போன்றவை உதவும். என்ஜின்எக்ஸ் வொர்க்கருக்கு டெர்ம் சிக்னல் அனுப்பினாலும் அது சாகாது. அந்தச் சிக்னல் ஒரு கொடியை மட்டும் உயர்த்துகிறது, அதைப் பார்க்க நிகழ்வுச் சுழற்சிக்குத் திரும்ப வேண்டும். கில் சிக்னல்தான் (எண் 9) வழி. ரீலோட் செய்தால் புது வொர்க்கர்கள் வரும், சிக்கிய பழையது சிபியுவைத் தின்றுகொண்டே இருக்கும்.

தாக்கப்படுகிறோம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

‘டாப்’ கட்டளையில் ஒரு திரெட் நிலையாக 100 சதவீதத்தில் நிற்கும். நினைவகம் ஏறாது, நெட்வொர்க் போக்குவரத்து ஏறாது, லாகில் எதுவும் வராது. பலர் லாகைத் தேடியே நேரத்தை இழக்கிறார்கள். கைகுலுக்கல் (இணைப்பின் தொடக்கப் பேச்சு) முடியாததால் எழுத எதுவும் இல்லை.

‘பெர்ஃப் டாப்’ கட்டளையை அந்தப் பிராசஸ் எண்ணோடு ஓட்டுங்கள். பெரிய எண்களைப் பெருக்கும் பிஎன் ஃபங்ஷன்கள் மேலே வந்தால் சந்தேகம் வலுவாகிறது. ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியை இணைத்து அழைப்புச் சங்கிலியைப் பாருங்கள். பிஎன்_மாட்_எஸ்கியூஆர்டி நடுவிலும், அதற்கு வெளியே எலிப்டிக் கர்வ் புள்ளியை விரிக்கும் ஃபங்ஷனும், அதற்கும் வெளியே சான்றிதழைப் படிக்கும் ஃபங்ஷனும் இருந்தால் வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. சில நொடி இடைவெளியில் இரண்டு மூன்று முறை எடுத்துப் பாருங்கள்; அதே இடத்தில் நிற்க வேண்டும்.

நெட்வொர்க்கில் உட்கார்ந்து கண்டுபிடிக்கும் கருவிகளை அதிகம் நம்ப வேண்டாம். டிஎல்எஸ் 1.3-ல் சான்றிதழே மறையாக்கம் செய்யப்பட்டுத்தான் போகிறது.

சாவிகளையும் சான்றிதழ்களையும் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். எதுவும் கசியாது, எதுவும் மாற்றி எழுதப்படாது. 2014 ஏப்ரலில் வந்த ஹார்ட்ப்ளீட் சர்வரின் நினைவகத்தை ஒரு முறைக்கு 64 கேபி வரை வெளியே கொட்டியது. அதனால்தான் அப்போது சாவிகளை மாற்றச் சொன்னார்கள். இது நிறுத்தும், திருடாது.

பேட்ச் போடும் முறை என்ன? எங்கே தவறுகிறது?

மூன்று இடங்களில் தவறுகிறது.

ஒன்று, தவறான பேக்கேஜ். டெபியன், உபுண்டுவில் ‘ஓபன்எஸ்எஸ்எல்’ என்ற பேக்கேஜில் இருப்பது கட்டளைக் கருவி. குறை உள்ள லைப்ரரி ‘லிப்எஸ்எஸ்எல்1.1’ பேக்கேஜில் இருக்கிறது. ரெட்ஹேட்டில் அது ‘ஓபன்எஸ்எஸ்எல்-லிப்ஸ்’. கருவியை மட்டும் தனியாக மேம்படுத்திவிட்டு முடிந்தது என்று போய்விடாதீர்கள்.

இரண்டு, ரீஸ்டார்ட். வட்டில் புதுக் கோப்பு வந்துவிட்டாலும், ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸ் பழைய கோப்பை நினைவகத்தில் வைத்துக்கொண்டே இருக்கும். ‘எல்எஸ்ஓஎஃப்’ கட்டளையில் லிப்கிரிப்டோ என்று தேடி, நீக்கப்பட்டதாகக் குறிக்கப்பட்டவற்றைப் பாருங்கள். டெபியன் வகையில் ‘நீட்ரீஸ்டார்ட்’, ரெட்ஹேட் வகையில் ‘நீட்ஸ்-ரீஸ்டார்ட்டிங்’ இதையே பட்டியலாகத் தரும். பல பிராசஸ்கள் வந்தால் சர்வரையே ஒருமுறை ரீபூட் செய்வது மேல்.

மூன்று, தன்னுள்ளேயே பிரதி வைத்திருப்பவை. இதுதான் நீண்ட வால். நோட் தன் பைனரிக்குள்ளேயே ஓபன்எஸ்எஸ்எல்லை வைத்திருக்கிறது, 12.22.11, 14.19.1, 16.14.2, 17.7.2 பதிப்புகளில் திருத்தம் வந்தது. பைத்தானின் ‘கிரிப்டோகிராஃபி’ பேக்கேஜ் வீல் கோப்பாக நிறுவப்பட்டால் தன் சொந்தப் பிரதியோடு வரும், 36.0.2-ல் 1.1.1என் சேர்ந்தது. டாக்கர் இமேஜ்கள் ஒவ்வொன்றும் தனி உலகம். ஹோஸ்டை மேம்படுத்தினால் உள்ளே மாறாது. இமேஜை மீண்டும் கட்டும்போது அடிப்படை இமேஜைப் புதிதாக இழுத்து, கேஷ் இல்லாமல் கட்டுங்கள். இல்லையென்றால் பழைய அடுக்கே திரும்ப ஒட்டிக்கொள்ளும். நிலையாக இணைக்கப்பட்ட பைனரிகளில் ‘ஸ்ட்ரிங்ஸ்’ கட்டளையால் ஓபன்எஸ்எஸ்எல் பதிப்பு வரியைத் தேடிப் பிடிக்கலாம்.

மேம்படுத்திய பிறகும் 1.1.1கே என்றுதான் காட்டுகிறது. ஸ்கேனரும் குறை இருக்கிறது என்கிறது.

பதற வேண்டாம். லினக்ஸ் வினியோகங்கள் பதிப்பு எண்ணை மாற்றாமல் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்பில் சேர்க்கின்றன. பார்க்க வேண்டியது பேக்கேஜின் முழு எண்ணை. டெபியன் 11-ல் 1.1.1கே-க்குப் பின்னால் ‘டெப்11யு2’ இருக்க வேண்டும். உபுண்டு 20.04-ல் 1.1.1எஃப்-க்குப் பின்னால் ‘உபுண்டு2.12’. ரெட்ஹேட் 8-ல் 1.1.1கே-6. ரெட்ஹேட் 7-ல் 1.0.2கே-25. இவையோ இவற்றுக்குப் பிந்தையவையோ இருந்தால் இந்தக் குறை அடைபட்டுவிட்டது. பேக்கேஜின் மாற்றப் பதிவில் 2022-0778 என்று தேடுவது இன்னும் உறுதி. பதிப்பின் முதல் பகுதியை மட்டும் படிக்கும் ஸ்கேனருக்கு அந்தப் பதிவைச் சான்றாகக் கொடுங்கள்.

மற்ற மறையாக்க லைப்ரரிகள்?

லிப்ரெஎஸ்எஸ்எல்லுக்கு 3.3.6, 3.4.3, 3.5.1 பதிப்புகளில் திருத்தம் வந்தது. கோ மொழியின் டிஎல்எஸ், ரஸ்ட்டிஎல்எஸ், ஜாவாவின் உள்ளமைந்த டிஎல்எஸ் ஆகியவை வேறு குறிமுறை, இந்தக் குறை அவற்றில் இல்லை. ஆனால் ஜாவா செயலி வேகத்துக்காக ஓபன்எஸ்எஸ்எல்லைப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டிருக்கலாம். அதைத் தனியாகப் பாருங்கள்.

பேட்ச் போடவே முடியாத பழைய கருவி ஒன்று இருக்கிறது. என்ன செய்யலாம்?

அது சான்றிதழ் படிக்கும் சந்தர்ப்பங்களைக் குறையுங்கள். பொதுவெளியில் கிளையன்ட் சான்றிதழ் கேட்பதை நிறுத்தலாம், அல்லது முன்னால் திருத்தப்பட்ட ஒரு ப்ராக்ஸியை நிறுத்தி டிஎல்எஸ்ஸை அங்கேயே முடிக்கலாம். வெளிச்செல்லும் இணைப்புகளைத் தெரிந்த முகவரிகளுக்கு மட்டும் ஃபயர்வாலில் அனுமதியுங்கள். பதிவேற்றப்படும் சான்றிதழ்களைத் தனிப் பிராசஸில், 2 நொடி சிபியு வரம்போடு முதலில் படித்துப் பாருங்கள்; வரம்பு தாண்டினால் நிராகரியுங்கள். இந்தக் கடைசி வழக்கம் பேட்ச் போட்ட பிறகும் இருக்கட்டும்.

திருத்தம் வேலை செய்கிறதா என்று சோதிப்பது எப்படி?

இந்தக் குறைக்கான மாதிரிச் சான்றிதழ்கள் பொதுவில் இருக்கின்றன. உற்பத்திச் சர்வரில் வேண்டாம். அதே பேக்கேஜ் உள்ள தனி மெய்நிகர் இயந்திரத்தில் செய்யுங்கள். ஓபன்எஸ்எஸ்எல்லின் எக்ஸ்509 கட்டளையால் அந்தச் சான்றிதழைப் படிக்கச் சொல்லி, முன்னால் ‘டைம்அவுட் 5’ சேருங்கள். உடனே முடிந்தால் திருத்தம் இருக்கிறது. சாவியைப் படிக்க முடியவில்லை என்ற செய்தி வந்தாலும் பரவாயில்லை. 5 நொடி கழித்து வெளியேற்ற எண் 124 வந்தால் பழைய லைப்ரரிதான் ஓடுகிறது. கட்டளைக் கருவி சரியாக இருந்து, உங்கள் செயலி வேறு பிரதியை வைத்திருக்கலாம் என்பதால், செயலியின் வழியாகவும் ஒருமுறை அனுப்பிப் பாருங்கள்.

இன்று 1.1.1என்-ல் இருக்கிறோம். போதுமா?

போதாது. 1.1.1 வரிசையின் பொது ஆதரவு 2023 செப்டம்பர் 11 அன்று 1.1.1டபிள்யூ-வோடு முடிந்தது. அதற்கு முன்பே இதே இனத்தில் வேறு குறைகள் வந்தன. சிவிஇ-2023-2650-ல் மிக நீளமான பொருள் அடையாள எண்ணை உரையாக மாற்றும் நேரம், நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறியது. சிவிஇ-2023-0464-ல் சான்றிதழ்ச் சங்கிலியின் கொள்கை விதிகளைச் சோதிக்கும்போது கணக்கு வெடித்தது; ஆனால் அந்தச் சோதனை இயல்பாக அணைந்திருக்கும். வினியோகம் பின்திருத்தம் தரும் பேக்கேஜாக இருந்தால் அதையே தொடரலாம். நீங்களே கட்டிய 1.1.1 என்றால் 3-ம் வரிசைக்கு மாறுங்கள். 3.0-க்கு பொது ஆதரவு 2026 செப்டம்பர் 7 வரைதான் என்பதால், புதிதாக மாறுபவர்கள் அதற்குப் பிந்தைய நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கே போவது நல்லது.